ஊசிக்கு முன் ஒரு கண்ணாடித் தகடு: சுங்கை சிப்புட் விலங்கு மருத்துவமனை பற்றிய மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைவீதியின் பின்வரிசையில், மோட்டார்சைக்கிள் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் விலங்கு மருத்துவமனையைப் பற்றியது இந்த மதிப்புரை. மருத்துவர் தம் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வெளியே வருவதை விரும்பவில்லை என்பதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த அடையாளமே போதும். பூனையின் உதட்டிலோ வயிற்றிலோ தொடையிலோ ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் இந்த இடத்தைச் சொல்வேன். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே புண்ணில் என்ன இருக்கிறது என்று இங்கே பார்க்கிறார்கள். பார்த்ததை வீட்டுக்காரருக்குப் புரியும் தமிழில் சொல்லி அனுப்புகிறார்கள். ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளையணு தோலில் குவிந்து பூனைக்குப் புண் உண்டாக்கும் ஈசினோபிலிக் கிரானுலோமா என்ற நோய்க்கு வைத்தியத்தின் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. மாத்திரையை மருத்துவர் கொடுத்துவிடலாம். தெள்ளுப்பூச்சியை ஒழிப்பதும் தீனியைக் கட்டுப்படுத்துவதும் வீட்டில் நடக்க வேண்டிய வேலைகள், ஏன் செய்கிறோம் என்று புரியாமல் அவற்றை மாதக்கணக்கில் யாரும் செய்யமாட்டார்கள்.

எங்கள் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டு ஊருக்குள் மலிவு விலை வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பலவும் பூனையையும் கூடவே கொண்டுவந்தன. செம்பனை இருக்கும் இடத்தில் எலிக்குக் குறைவில்லை என்பதால் பூனை இல்லாத வீடு அபூர்வம். பகலில் வீட்டுக்குள்ளும் இரவில் கால்வாயோரத்திலும் திரியும் இந்தப் பூனைகளுக்குப் புண் வந்தால் மஞ்சள் பூசிப் பார்ப்பதும், ஆறாவிட்டால் அப்படியே விட்டுவிடுவதும்தான் வழக்கமாக இருக்கிறது. பூனைக்குப் போய் நாற்பது வெள்ளி செலவா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இந்தக் கட்டுரையின் நடுவில் வருகிறது, ஏனென்றால் அந்த நாற்பது வெள்ளி பூனையின் நலத்தோடு நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் பூனை அம்மாவின் பொறுப்பு. சின்னி என்று பெயர். மூன்று நிறம் கலந்த, நான்கு கிலோ எடையுள்ள பெண் பூனை. அதன் மேலுதட்டில், கீழ்க்கோரைப்பல் வந்து படும் இடத்தில், விளிம்பு தடித்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு புண் இருந்தது. பார்ப்பதற்கு உதட்டையே யாரோ கிள்ளி எடுத்தது போலக் கொடுமையாக இருந்தாலும் பூனைக்கு வலி இருப்பதாகத் தெரியவில்லை; மீன் தலையை வழக்கம்போலக் கடித்துத் தின்றது. அடிவயிற்றில் நிலைமை வேறு. அங்கே நக்கி நக்கி முடி கொட்டிப்போய், சிவந்து ஈரம் கசியும் தடிப்பு ஒன்று பரவியிருந்தது, அது பூனையைத் தூங்கவிடவில்லை. எலி கடித்திருக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அம்மாவும் அதையே நம்பினார். இதற்கு முன் வேறோர் ஊரில் காட்டியபோது, ஒவ்வொரு முறையும் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். புண் மறையும், பிறகு அதே இடத்தில் திரும்ப வரும். அங்கே எங்கள் கேள்விகளுக்கெல்லாம் கிடைத்த பதில் ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல். எதற்கு அலர்ஜி என்று யாரும் தேடவில்லை.

இங்கே மருத்துவர் முதலில் கையுறை மாட்டிக்கொண்டார். பல் நெருங்கிய சீப்பு ஒன்றால் பூனையின் முதுகையும் வால் அடியையும் வாரி, சீப்பில் வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். ஒவ்வொரு கரும்புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் மெல்ல ஊறிப் பரவியது. தெள்ளுப்பூச்சியின் கழிவு அது. உறிஞ்சிய இரத்தம் செரித்து வெளியேறியது என்பதால் தண்ணீர் பட்டவுடன் சிவக்கிறது. ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை, ஆனாலும் பூச்சி இருப்பதற்கான சாட்சி தாளில் இருந்தது. தன்னையே நக்கிச் சுத்தம் செய்யும் பூனை பூச்சிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும் என்பதையும், அலர்ஜி உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடிகளே போதும் என்பதையும் அவர் அப்போதுதான் சொன்னார். வீட்டில் தெள்ளு கிடையாது என்று சற்று முன்பு உறுதியாகச் சொல்லியிருந்த அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக, உதட்டுப் புண்ணின் மேலோட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு கண்ணாடித் தகட்டை அதன்மேல் மெதுவாக அழுத்தி எடுத்தார். வயிற்றுத் தடிப்பிலிருந்து இன்னொரு தகடு. இரண்டையும் காற்றில் உலரவிட்டு, மேசையோரம் இருந்த மூன்று சிறு குப்பிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோய்த்தார்: முதலாவது செல்களை நிலைநிறுத்தும் திரவம், இரண்டாவது சிவப்புச் சாயம், மூன்றாவது நீலச் சாயம். கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் வைக்கச் சில நிமிடங்களே ஆயின. தாம் பார்த்த பிறகு, அம்மாவையும் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். ஊதா நிற உட்கரு இரண்டு மூன்று மடலாகப் பிரிந்திருக்க, அதைச் சுற்றிச் செவ்விளஞ்சிவப்பு நிறத்தில் குச்சி குச்சியான துகள்கள் நிரம்பிய செல்கள் தகடு முழுவதும் கிடந்தன. அவைதாம் ஈசினோபில்கள். பால் எர்லிக் 1879-இல் சாயமேற்றிப் பிரித்து அடையாளம் காட்டிய இந்த வெள்ளையணு மனிதருக்கும் பூனைக்கும் பொதுவானது. குடற்புழுக்களையும் ஒட்டுண்ணிகளையும் எதிர்ப்பது அதன் வேலை. அலர்ஜியின்போது எதிரி இல்லாத இடத்திலும் கூட்டமாக வந்து, புழுவைக் கொல்ல வைத்திருக்கும் நச்சுப் புரதங்களைச் சொந்தத் தோலின்மேலேயே கொட்டிவிடுகிறது.

பூனைக்கு வரும் இந்தக் கோளாறு மூன்று உருவங்களில் வெளிப்படும் என்று மருத்துவர் விளக்கினார். மேலுதட்டில் வரும் வலியில்லாத புண் ஒன்று. அடிவயிறு, உள்தொடை, அக்குள் ஆகிய இடங்களில் வரும் கடும் அரிப்புள்ள ஈரத் தடிப்பு இன்னொன்று. கிரானுலோமா என்ற பெயருக்கு நேராக உரியது மூன்றாவது: பின்தொடையில் கயிறு போல நீண்ட, மஞ்சள் கலந்த இளஞ்சிவப்புக் கட்டியாகவோ, தாடை வீங்கியோ, நாக்கிலும் அண்ணத்திலும் முடிச்சாகவோ, பாதத்தின் அடியிலோ வரும். ஒரே பூனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்கள் சேர்ந்து வரலாம், சின்னிக்கு வந்தது போல. இளம் பூனைகளின் கிரானுலோமா சில வேளைகளில் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு.

அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்: இந்தப் பெயரோடு தேடல் முடிந்துவிடக் கூடாது. தோல் இப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை மட்டுமே பெயர் சொல்கிறது. எதற்கு எதிராக என்பதைத் தனியே கண்டுபிடிக்க வேண்டும். தெள்ளுக்கடி, உணவில் உள்ள ஏதோ ஒரு புரதம், தூசிப்பூச்சியும் மகரந்தமும் போன்ற சூழல் காரணங்கள், கொசுக்கடி ஆகியவை வழக்கமான காரணங்கள். கொசுவால் வருவது பெரும்பாலும் முடி குறைந்த மூக்குத்தண்டிலும் காது மடலிலும் பாதத்திலும் தெரியும். அந்தி நேரத்தில் பூனையை உள்ளே வைத்தாலே குறைந்துவிடும். எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாத பூனைகளும் இருக்கின்றன, அதையும் அவர் மறைக்கவில்லை. முந்தைய இடத்தில் கேட்ட ‘அலர்ஜி’ என்ற சொல் பொய்யில்லை. அந்தச் சொல்லோடு அவர்கள் நின்றுவிட்டார்கள் என்பதுதான் என் மனக்குறை.

கையுறை மாட்டியதற்கும் தகட்டில் பார்த்ததற்கும் இன்னொரு காரணம் இருந்தது. மலேசியாவில் பூனைகளுக்கு ஸ்போரோடிரைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் வருகிறது. மூக்கிலும் முகத்திலும் பாதத்திலும் ஆறாத புண்ணாக அது தோன்றும்; கண்ணால் மட்டும் பார்த்தால் எவரையும் ஏமாற்றிவிடும். அது மனிதருக்கு ஒட்டும். நோயுற்ற பூனை கீறினாலோ கடித்தாலோ, கையில் ஒரு முடிச்சு எழும்பி, பிறகு நிணநாளத்தின் வழியே முழங்கை வரை வரிசையாக முடிச்சுகள் தோன்றும். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துத்தான் பூனையைக் குணப்படுத்த முடியும். அந்த நோயுள்ள பூனைக்கு அலர்ஜி என்று எண்ணி ஸ்டீராய்டு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி இறங்கி, பூஞ்சை உடலெங்கும் பரவ வழி திறந்துவிடும். பூனையின் புண்ணில் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் ஏராளமாக இருப்பதால், சாயமேற்றிய தகட்டிலேயே சிறு முட்டை வடிவில் கூட்டமாகத் தெரிந்துவிடும். சின்னியின் தகடுகளில் அப்படி எதுவும் இல்லை என்பதைத் தேடிப் பார்த்து உறுதிசெய்த பிறகே மருத்துவர் மருந்தைப் பற்றிப் பேசினார். சிறுபிள்ளைகளும் வயதானவர்களும் பூனையோடு புழங்கும் வீடுகளில், தகட்டுப் பரிசோதனைக்குக் கொடுக்கும் காசு அந்தக் குடும்பத்துக்கான பாதுகாப்பும் ஆகும். ஆறாத உதட்டுப் புண், குறிப்பாக வயதான பூனைக்கு, புற்றுநோயாகவும் இருக்கலாம். மருந்துக்கு அடங்காவிட்டால் சிறு துண்டு வெட்டி பயாப்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் அன்றே சொல்லி வைத்தார்.

மருந்து எளிமையானது. பிரெட்னிசோலோன் மாத்திரை, பூனையின் எடைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தொடங்கி, புண் அடங்கியதும் படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாக்கி, பிறகு நிறுத்துவது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிரெட்னிசோன் மாத்திரையைப் பூனையின் உடல் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது என்பதால், மருந்தகத்தில் மாற்றிக் கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். நீண்ட நாள் ஊசியை ஏன் தவிர்க்கிறார் என்று கேட்டேன். மாத்திரையால் தொல்லை வந்தால் அளவைக் குறைக்கலாம். உடலுக்குள் போன ஊசி மருந்தை வெளியே எடுக்க முடியாது. திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்கு நீரிழிவு வரும் அபாயம் கூடும் என்றார். மாத்திரையே விழுங்காத, பிடிக்க முடியாத பூனைக்குத் தாமும் அந்த ஊசியைப் போடுவதுண்டு என்றும் சொன்னார். வயிற்றுத் தடிப்பில் கிருமியும் சேர்ந்திருந்ததால் நோய்க்கொல்லி மருந்தும் கொடுத்தார். ஸ்டீராய்டை நிறுத்த முடியாமல் போகும் பூனைகளுக்குச் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து உண்டு. அது விலை அதிகம் என்பதை அவரே முன்கூட்டிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தெள்ளு விஷயத்தில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார், அதுவே சரியும்கூட. நம் கண்ணில் படும் தெள்ளு மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான்; மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சோபா இடுக்கிலும் பலகை விரிசலிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்ந்ததும் வெளியே வரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் பூச்சியைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். நமக்கு ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும்தான் என்பதால் மருந்தும் ஆண்டு முழுவதும் போட வேண்டும். வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில் போட வேண்டும். ஒன்றை விட்டால் அதுவே மற்றவற்றுக்குத் தெள்ளைக் கொண்டுவரும். பாயையும் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு அவர் சொன்ன எச்சரிக்கையை இந்த மதிப்புரையைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டுகிறேன்: நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது, அது பூனையின் உயிரையே குடித்துவிடும். பூனையின் ஈரலால் அந்த நஞ்சைச் சரியாக உடைக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்துபோகும். மலிவாகக் கிடைக்கிறது என்று நாய் மருந்தைப் பாதியாகப் பிரித்துப் பூனைக்குப் போடும் பழக்கம் எங்கள் வட்டாரத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தெள்ளை முழுமையாக ஒழித்தும் புண் திரும்பினால் உணவுச் சோதனைக்குப் போவோம் என்றார். இதுவரை தின்னாத இறைச்சியையோ, புரதத்தை உடைத்துத் தயாரித்த சிறப்புத் தீனியையோ மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுக்க வேண்டும்; நடுவில் ஒரு துண்டு கருவாடுகூடக் கூடாது. தெருவில் திரியும் பூனைக்கு இது எவ்வளவு கடினம் என்பதை அவர் அறிந்தே பேசினார். சின்னிக்கு அது தேவைப்படவில்லை. மாத்திரையோடு தெள்ளு மருந்தையும் ஒழுங்காகத் தொடர்ந்ததில் வயிற்றுத் தடிப்பு முதலில் வற்றியது, உதடு பிறகு மூடியது. மாத்திரை நின்ற பின்னும் இன்றுவரை புதிய புண் வரவில்லை.

இந்த மருத்துவமனையை நான் உயர்வாக மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது மனிதரைப் பற்றியது. என் அக்காள் மகனுக்குத் தொடக்கப்பள்ளி வயதில் காதுக்கு மேலே மண்டையோட்டில் ஒரு வீக்கம் வந்தது. ஈப்போவில் அரசு மருத்துவமனையில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, அறுவைச் சிகிச்சையில் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தபோது, அறிக்கையில் எழுதியிருந்த பெயர் ஈசினோபிலிக் கிரானுலோமா. பிள்ளை இன்று நலமாக இருக்கிறான். சின்னியின் சீட்டில் அதே பெயரைப் பார்த்து அம்மா தொலைபேசியில் சொன்னதும், அக்காள் பதறிப்போய் என்னை அழைத்தார். “தம்பி, அந்தப் பூனையை முதல்ல வீட்டைவிட்டு வெளியே விடு. நம்ம பிள்ளைக்கு வந்ததும் இதே பேர்தானே? அவன் சின்ன வயசுல அங்கேதானே பூனையோட கிடந்தான்?”

அக்காளின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் அலைந்த தாய்க்கு அந்தப் பெயர் கேட்டவுடன் நெஞ்சு துடிக்கத்தான் செய்யும். அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மனிதருக்கு வரும் நோயைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியது பிள்ளையைப் பார்த்த டாக்டர். பூனையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வேன். இந்தப் புண் யாருக்கும் ஒட்டாது, பிள்ளைக்கு வந்ததற்கும் பூனைக்கும் தொடர்பு கிடையாது. அக்காவையே இங்கே பேசச் சொல்லுங்கள்.” அக்காள் பேசினார், மருத்துவர் அவரிடமும் பொறுமையாகப் பேசினார், பிள்ளையின் அடுத்த சோதனைக்குப் போகும்போது அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை எழுதியும் கொடுத்தார். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. தமக்குத் தெரிந்ததற்கும் தம் துறைக்கு அப்பால் உள்ளதற்கும் நடுவே இப்படிக் கோடு போட்டுப் பேசும் மருத்துவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விகளுக்கு ஈப்போவில் கிடைத்த பதில்களையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் இதே குழப்பம் வேறு வீடுகளிலும் வரக்கூடும். மனிதருக்கு வரும் ஈசினோபிலிக் கிரானுலோமாவை லிக்டன்ஸ்டைன், ஜாஃபே என்ற இருவர் 1940-இல் எலும்பு நோயாக விவரித்துப் பெயரிட்டார்கள். நுண்ணோக்கியில் ஈசினோபில்கள் நிறையத் தெரிந்ததால் அந்தப் பெயர் வந்தது. 1953-இல் லிக்டன்ஸ்டைன் அதையும், பல உறுப்புகளைப் பாதிக்கும் வேறு இரு நோய்களையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தார். அந்தப் புண்களில் உண்மையில் பெருகுவது ஈசினோபில் அல்ல, தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்லை ஒத்த வேறொரு செல் என்பது பின்னர் தெளிவானது. ஈசினோபில்கள் அதன் அழைப்புக்கு வந்து சேர்ந்தவை. ஆகவே 1980-களின் பிற்பகுதியிலிருந்து லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற பெயர் நிலைத்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வு, பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அந்தச் செல்களில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைக் காட்டியது. அந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று; வாழ்நாளில் எலும்பு மச்சையின் ஏதோ ஒரு செல்லில் நேர்வது. பூனையின் நோயில் ஈசினோபிலே முதன்மை, பெரும்பாலும் அலர்ஜியே காரணம். பிள்ளைகளின் நோயில் அலர்ஜிக்கு வேலையே இல்லை. பூனை, தெள்ளு, வளர்ப்பு முறை என்று எதன்மேலும் பழி போட இடமில்லை.

இது அரிய நோய். பத்து லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் வருகிறது. மண்டையோடு, தொடையெலும்பு, விலா, இடுப்பெலும்பு, முதுகெலும்பு, தாடை ஆகியவை அதிகம் பாதிக்கப்படும். தாடையில் வந்தால் பற்கள் ஆடும். முதுகெலும்பில் வந்தால் ஒரு கணு தட்டையாக நசுங்கிவிடும். எக்ஸ்ரேயில் துளைபோட்டது போன்ற ஓட்டை தெரியும். ஓர் எலும்பில் மட்டும் இருந்தால், பயாப்சிக்காகச் சுரண்டுவதே பல நேரங்களில் வைத்தியமாகிவிடும். சில வேளை கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு செலுத்துவார்கள். என் அக்காள் மகனுக்குச் சுரண்டியதே போதுமானதாக இருந்தது. பல உறுப்புகளில் பரவியிருந்தால் வின்பிளாஸ்டின் என்ற மருந்தையும் பிரெட்னிசோலோனையும் ஏறக்குறைய ஓராண்டு கொடுக்கிறார்கள். ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு இது உயிராபத்தான நோய் என்பதால் யாரும் இதை எளிதாக எண்ணக் கூடாது. குணமான பிறகும் கவனம் வேண்டும்: பிள்ளை அடங்காத தாகத்தோடு தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் உடனே காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அக்காள் இதை இன்றும் கவனித்துவருகிறார்.

பெரியவர்களுக்கு இதே குடும்பத்து நோய் நுரையீரலில் வருவதுண்டு. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புகைபிடிப்பவர்கள், பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வரும், சிலருக்கு நுரையீரல் சட்டென்று சுருங்கிவிடும். முதல் வைத்தியம் சிகரெட்டை நிறுத்துவது. நிறுத்தியதாலேயே தேறியவர்கள் உண்டு. பூனை முடியால் இருமல் என்று சொல்லிக்கொண்டே புகைபிடிக்கும் நம் அண்ணன்மார்களுக்கு இதைச் சொல்லி வைப்பது நல்லது.

மருத்துவமனைக்குத் திரும்புகிறேன். குறைகளும் உண்டு. படிக்கட்டு செங்குத்தானது, அம்மா போன்றவர்கள் பூனைக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சிரமம். மருத்துவர் ஒருவரே என்பதால் சனிக்கிழமைகளில் காத்திருப்பு நீளும், நாயும் பூனையும் ஒரே அறையில் காத்திருப்பதால் பூனைகள் மிரளுகின்றன. கூண்டின்மேல் போர்த்த ஒரு துணி கொண்டுபோவது உதவும். இரவில் திறப்பதில்லை. பயாப்சி மாதிரிகளை வெளியே அனுப்புவதால் முடிவு வர நாளாகும், செலவும் கூடும். சிக்கலான நோய் என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கிறார், அது இங்கிருந்து மணிக்கணக்கான பயணம். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கின்றன. பெர்மெத்ரின் பற்றியும் ஸ்போரோடிரைகோசிஸ் பற்றியும் அவர் வாயால் சொல்வதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வைத்தால், காத்திருக்கும் நேரத்திலேயே பலர் படித்துவிடுவார்கள். இதை அவரிடம் சொன்னேன். எழுதித் தரும்படி என்னையே கேட்டார், எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கட்டணம் எங்களுக்கு இப்படி வந்தது: பார்வைக் கட்டணம் நாற்பது வெள்ளி, தகட்டுப் பரிசோதனைக்கு மேலும் ஐம்பது, மாத்திரை தனி. ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வருவதைவிட முதல் நாள் செலவு கூடுதல்தான். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்களிடம் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்வதை முன்மேசையில் நேரில் பார்த்தேன். போகிறவர்கள் முன்கூட்டியே வாட்ஸ்அப் புலனத்தில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பூனைக்கு இதற்கு முன் ஸ்டீராய்டு போட்டிருந்தால் மருந்தின் பெயரையும் போட்ட தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் ஊசியின் வேகம் அடங்காதபோது தகட்டில் ஈசினோபில்கள் குறைவாகத் தெரிந்து கணிப்பைத் திசைமாற்றிவிடும். புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ பூசாமல், அது இருக்கும் நிலையிலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.